தேய்மானக் கணக்கு: முப்பதைத் தாண்டிய அணியும் முப்பதைத் தாண்டவிடாத ஊரும்

2018 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. பெங்களூரில் இரண்டு நாளாக நடந்த ஐ.பி.எல். ஏலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரகடம் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். ஒருவன் கைபேசியைப் பார்த்துச் சென்னை அணியின் பட்டியலை வயதோடு சேர்த்து, ஏலம் விடுகிற குரலிலேயே வாசித்தான். வாட்சன் 36. தோனி 36. ஹர்பஜன் 37. பிராவோ 34. டூ பிளெசி 33. இம்ரான் தாஹிர் 38, சீசன் தொடங்கும்போது 39. "டேய், இது டீமா முதியோர் இல்லமா?" என்றான் வாசித்தவன். பக்கத்தில் நின்றவன் சட்டென்று சொன்னான்: "நீ மட்டும் என்னா, ஒனக்கும் வயசாயிடுச்சுன்னுதானடா கேட்டுக்கு வெளிய வுட்டான்." எல்லாரும் சிரித்தோம். வாசித்தவனும் சிரித்தான். அவனுக்கு அப்போது 29 வயது. ஒரு உதிரிபாகக் கம்பெனியில், மூன்று காண்ட்ராக்டர்கள் பெயரில், ஆறு வருஷம் ஒரே மெஷினில் நின்றவன். பொங்கலுக்கு முன்னால் அவனுடைய டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வயதான ஓர் அணி வரப்போகும் சீசனில் என்ன ஆகும் என்ற கேள்வி விளையாட்டுப் பக்கங்களுக்கு உரியது. அதை இந்தப் பக்கங்களுக்குக் கொண்டுவருவதில் முகம் சுளிக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கிரிக்கெட் அபின், கிரிக்கெட் கார்ப்பரேட் சூது, கிரிக்கெட் பார்ப்பன ஆட்டம் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடலாம்தான். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் டிரினிடாட் மார்க்சியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியபோது அவர் ஒன்றும் புரட்சிக்கு விடுப்புப் போட்டுவிட்டு எழுதவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஒரு முழுத் தொடரில் கறுப்பர் ஒருவர் தலைமை ஏற்பதற்காக அவர் தன் பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். 1960இல் ஃபிராங்க் வொரலுக்கு அது கிடைத்தபோது வொரலின் வயது 36. வாட்சனின் 36, தோனியின் 36, வொரலின் 36. ஒருவன் எப்போது இளைஞன், எப்போது கிழவன் என்பதை உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று தெரிந்துகொள்ள இந்த ஓர் எண்ணே போதும்.

மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் இயந்திரத்துக்கு இரண்டு வகைத் தேய்மானம் உண்டு என்கிறார். ஒன்று, ஓடி ஓடித் தேய்வது, அல்லது ஓடாமலே துருப்பிடிப்பது. இன்னொன்று வேறு வகை. இயந்திரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே வேலையை மலிவாகச் செய்யும் புது இயந்திரம் சந்தைக்கு வந்துவிடும். பழையது ஒரு பல்கூடத் தேயாமல் மதிப்பிழந்துவிடும். இந்த இரண்டாவது வகையை மதிப்புத் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடையில் சிரித்த நாங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தோம். ஏலப் பட்டியலில் இருந்தது இரண்டாவது வகை.

பட்டியலில் விலையையும் பார்க்க வேண்டும். வாட்சன் 4 கோடி. ஹர்பஜன் 2 கோடி. அம்பத்தி ராயுடு 2.20 கோடி. டூ பிளெசி 1.60 கோடி. தாஹிர் 1 கோடி. அதே ஏலத்தில் 26 வயது ஜெய்தேவ் உனத்கட் ராஜஸ்தானுக்கு 11.50 கோடிக்குப் போனார். எனக்கோ டீக்கடை நண்பர்களுக்கோ இந்தக் கோடிகள் கற்பனைக்கும் எட்டாதவை. வாட்சனையும் ஒரகடம் காண்ட்ராக்ட் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்கிற அசட்டுத்தனத்தை நான் செய்யவில்லை. சொல்ல வருவது ஏலத்தின் இலக்கணத்தை. முப்பதைத் தாண்டியவனிடம் இருக்கும் திறமை குறைந்ததாலா விலை இறங்குகிறது? அவனிடமிருந்து இன்னும் எத்தனை வருஷம் எடுக்கலாம் என்ற கணக்கால் இறங்குகிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, தள்ளுபடி விலையில் சரக்கெடுத்தது சென்னை நிர்வாகம். கிழவர்கள் மேல் கருணை என்று யாரும் கண்கலங்க வேண்டியதில்லை.

இந்த ஏலம் வருவதற்கு முன்னால் நம் ஊரில் ஆட்டக்காரன் எப்படி வயதானான்?

சென்னை லீக் கிரிக்கெட் பல பத்தாண்டுகளாகக் கம்பெனிகளையும் வங்கிகளையும் ரயில்வேயையும் நம்பி ஓடியது. இந்தியா சிமெண்ட்ஸ், செம்ப்ளாஸ்ட், ஸ்டேட் பாங்க், தெற்கு ரயில்வே என்று அணிகள். கூடைப்பந்தும் அப்படித்தான்: இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், ஐ.சி.எஃப்., ரயில்வே. ஆட்டக்காரன் அங்கே ஊழியன். காலையில் கையெழுத்து, மத்தியானம் பயிற்சி. முப்பத்தைந்தில் முழங்கால் போனால் கவுண்டரில் உட்காருவான், அல்லது ஸ்டோர்ஸில். பிராவிடண்ட் ஃபண்டு உண்டு, ஓய்வு வயதுவரை சம்பளம் உண்டு. குண்டப்பா விஸ்வநாத் ஸ்டேட் பாங்க் ஊழியர். தோனியே 2001இலிருந்து சில காலம் கரக்பூரில் டிக்கெட் பரிசோதகர். அவர் ரயில்வேயிலேயே இருந்திருந்தால் 36 வயதில் அவரை யாரும் கிழவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சர்வீஸில் பாதியைக்கூடத் தாண்டாத டி.டி.ஈ.

இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்த வேலைகள் யாருக்குக் கிடைத்தன என்று கேட்டால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும்தான் பெரும்பாலும் பதில். மைதானத்துக்குள் நுழைகிற கதவே சிலருக்குத்தான் திறந்தது. ஆனாலும் ஒன்று இருந்தது: ஆட்டம் முடிந்த உடலுக்கு ஒரு நாற்காலி. கம்பெனி ஆட்டக்காரனின் இளமையை வாங்கியது, அதோடு சேர்த்து அவன் முதுமையையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை 91 மில்லியன் டாலருக்கு எடுத்ததும், பிப்ரவரி 20 அன்று மும்பை ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்ததும் இந்தப் பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்கின. இளமையை மட்டும் தனியாக அறுத்து எடைபோட்டு வாங்கலாம் என்று ஆயிற்று. (1946இல் தொடங்கி, தாழையூத்தில் சிமெண்ட் வடித்த அந்தக் கம்பெனியே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. கம்பெனிக்கும் ஏலம் உண்டு.)

ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறேன், ஏனென்றால் இதே அறுவை இங்கே ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நடந்தது. 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. அவர் 120 ஆண்டு வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. இங்குள்ள உற்சவர் திருமேனி அவர் தன் கடைசிக் காலத்தில் தானே உகந்து தழுவியது என்று சொல்வார்கள். 120 வயதைத் தெருவில் தூக்கிக்கொண்டு போகிற ஊரில் 30 எப்படிக் கிழமாயிற்று என்று சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு நான் யோசித்திருக்கிறேன். யோசனைக்குப் பதில் பெருமாளிடம் இல்லை, சிப்காட்டில் இருக்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா. நோக்கியாவில் உச்சக் காலத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பெண்கள். அந்தப் பேருந்துகள் போகிற நேரத்தில் எங்கள் ஊர் ரோடு பெண்கள் கல்லூரி வாசல் மாதிரி இருக்கும். வரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசிப் பிரிவு கைமாறியபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. நவம்பர் 1 அன்று மூடினார்கள். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வு' வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். விருப்ப ஓய்வு! அறுபதை நெருங்கிய அரசு ஊழியர்களுக்கு உண்டான சொல் அது. 25 வயதுப் பெண்ணின் கடிதத்தில் அந்தச் சொல் அச்சாகி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தமிழ் படித்தவனுக்கு ஒரு சொல் பொருள் மாறுவதைப் பார்க்கிற சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்காது. அந்தக் கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் வாங்கியது. சார்ஜர் செய்ய மறுபடியும் பேருந்துகள், மறுபடியும் பதினெட்டு வயதுகள்.

பெண்ணுக்கு முப்பதுகூட இல்லை. அவளுடைய கெடு கல்யாணத்தில் முடிகிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை ஐபோன் கோர்க்கும் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், உடம்பில் அணியும் உலோகம் என்றெல்லாம் அதற்குக் காரணங்கள் வெளிவந்தன. நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் மணமானவர்கள் என்று அரசுக்குத் தெரிவித்ததாகவும் செய்தி வந்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எது எப்படியோ, இந்தச் செய்தியைப் படித்து எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இங்கே பெண் பார்க்க வரும்போதே "இன்னும் எத்தன மாசம் வேலைக்குப் போவா?" என்று கேட்பது வழக்கம். மெட்டி ஏறினால் சீசன் முடிந்தது.

ஆண்களுக்கு வேறு ஏற்பாடு. 2013இல் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் கொண்டுவந்த 'நீம்' திட்டத்தில் மூன்று வருஷம்வரை ஒருவனைப் பயிற்சியாளன் என்ற பேரில் வைத்துக்கொள்ள முடிந்தது. அவன் தொழிலாளி அல்ல, கற்பவன். வாங்குவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. கற்று முடித்தவுடன் வீட்டுக்கு. அடுத்தது 2018 மார்ச் 16: நிலையான கால வேலை ஒப்பந்தத்தை எல்லாத் தொழில்களுக்கும் விரித்து ஒன்றிய அரசின் அறிவிக்கை. சென்னையின் கிழட்டு அணி வலைப்பயிற்சிக்கு இறங்குகிற வாரங்களில் இது வந்தது. தற்செயல்தான். ஆனால் ஏலக் களத்தின் ஒப்பந்த வடிவம் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் தன் பெயரோடு நுழைந்த தேதி இது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை இன்னும் உறுதியாக்கின.

முப்பது வயதில் ஒருவனுடைய கை மெதுவாகிவிடுகிறதா? என் நண்பனைக் கேட்டேன். சிரித்தான். "புதுப்பையன் மெஷின் நின்னாதான் பாப்பான். நான் சத்தம் மாறும்போதே பாப்பேன்" என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான், அதுதான் முக்கியம். "நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த லைன்ல எத்தன பீஸ் போட்டோம், இப்ப எத்தன போடுறோம்னு எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு என்ன தர்றேன்னு சொன்னான், என்ன தந்தான்னு தெரியும். புதுசா வர்றவனுக்கு நான் சொல்லிருவேன்ல?"

அதாவது வயது என்பது இங்கே நினைவு. ஃபூக்கோ உடலை நொடிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்துவதைப் பற்றி எழுதியதை நாம் விழுந்து விழுந்து படித்தோம். நொடிகளாகப் பிரித்தால் போதாது, அவை சேர்ந்து வருஷமாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை முதலாளி படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறான். வருஷங்கள் சேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்கிற மனிதன் உருவாகிவிடுவான். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் 15 வரை 37 நாள் உட்கார்ந்தார்கள். கேட்டது சம்பளம் மட்டுமல்ல, சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்த ஆலை 2007 முதல் ஓடுகிறது. பந்தலில் இருந்தவர்களில் பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ் போட்டவர்கள் நிறைய. நான் போயிருந்த அன்று கவனித்தேன்: முடி நரைக்கத் தொடங்கிய, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற மனிதர்கள். இந்தத் தொழிற்பேட்டையில் இத்தனை முப்பத்தைந்து வயதுகளை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

2018க்குத் திரும்புவோம். அணியே இரண்டு வருஷத் தடைக்குப் பின் வந்த அணி. சூதாட்ட விவகாரத்தில் 2015 ஜூலையில் லோதா குழு தடை விதித்தது. அந்த வழக்கை யாரும் மறக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் எல்லாரும் மறந்துவிட்டிருந்தோம். ஏப்ரல் 7, மும்பையில் முதல் ஆட்டம். கேதார் ஜாதவ் தொடைத் தசை பிடித்து வெளியே போய், நொண்டிக்கொண்டே திரும்பி வந்து ஜெயிக்க வைத்தார். சீசன் முழுக்க அதற்கப்புறம் ஆடவில்லை. "பாத்தியா, மொத மேட்ச்லயே ஒரு பெருசு காலி" என்றார்கள். 68 ரன் அடித்துத் தோற்கவிருந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய பிராவோவும் ஒரு பெருசுதான் என்பதை யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கம். ஏறக்குறைய மூன்று வருஷத்துக்குப் பின் சொந்த மைதானம். பிப்ரவரி 16இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காவிரிக்கு ஆறு வாரத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்றது. மார்ச் 29இல் கெடு முடிந்தது. மேலாண்மை வாரியம் வரவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அண்ணா சாலையில் மறியல், மைதானத்துக்குள் செருப்பு. எங்கள் ஊர் ரூம்களில் அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். வல்லத்தில் ஒரு ரூமில் பத்துப் பேர், நாலு பேர் திருவாரூர், நாகை பக்கம். தண்ணீர் இல்லாத நிலத்தை விட்டுவிட்டு லைனில் வந்து நின்றவர்கள். அதில் ஒருவன் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டே டி.வி.யை அணைத்தான். இன்னொருவன் மறுபடி போட்டான். "ஆத்துல தண்ணி வந்தா நான் ஏண்டா இங்க இருக்கப் போறேன்" என்று அணைத்தவன் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஸ்கோர் கேட்டான். செருப்பு வீசியவனையும் விசில் அடித்தவனையும் இரண்டு கட்சியாகப் பிரித்து நாம் எழுதிய கட்டுரைகளில் இந்த ஆள் எங்கேயும் இல்லை. ஒரே உடம்பில் இரண்டும் இருந்தன.

மீதி ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. ரசிகர்களுக்காக ஏப்ரல் 19இல் தனி ரயில் விட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. மூன்று நாள் லீவு போட்டால் டோக்கன் இருக்காது.

இனி ஆட்டம். அந்த அணி எப்படித் தாக்குப்பிடித்தது? இருபது ஓவர் இளைஞர்களின் ஆட்டம் என்பது பாதி உண்மை. ஓடுவதில் தோற்கலாம், எல்லைக்கோட்டில் பந்தைத் துரத்துவதிலும் தோற்கலாம். அந்த இழப்பை வேறு இடத்தில் ஈடுகட்டலாம். பிராவோவின் மெதுவான பந்து, எந்த ஓவரை யாருக்குத் தருவது என்ற தோனியின் கணக்கு, எந்தப் பந்துவீச்சாளரைத் தொடாமல் விட்டுவிடுவது என்ற முடிவு. இவை தசையில் இல்லை. 32 வயது ராயுடு அந்த சீசனில் 602 ரன் எடுத்தார். மே 22, முதல் தகுதி ஆட்டத்தில் 140 இலக்கு. விக்கெட்டுகள் சரியச் சரிய 1.60 கோடி டூ பிளெசி 67 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்று முடித்தார். மே 27, வாங்கடே, இறுதி ஆட்டம். ஹைதராபாத் 178. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ரூமில் கெட்ட வார்த்தைகள் பறந்தன. "ரிட்டயர்டு ஹர்ட் ஆயிடுய்யா!" என்று ஒரிசாப் பையன் ஒருவன் தமிழிலேயே கத்தினான். புவனேஸ்வர் குமாரின் ஸ்விங் அடங்கும்வரை அந்த மனுஷன் சும்மா நின்றார். ஓட முடியவில்லை, எனவே ஓடாமல் இருப்பது எப்படி என்று யோசித்திருந்தார். 57 பந்தில் 117. அதில் 92 ரன் பவுண்டரியிலும் சிக்சரிலும். 18.3 ஓவரில் ஆட்டம் முடிந்தது.

மறுநாள் முதல் "வயது வெறும் எண்" என்று எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. எனக்கு இந்த வாசகம் பிடிக்கவில்லை. வயது வெறும் எண் இல்லை. முழங்காலுக்கு அது தெரியும். 2019இல் 40 வயது தாஹிர் 26 விக்கெட்டோடு முதலிடம் பிடித்தார், இறுதி ஆட்டத்தில் வாட்சன் ரத்தம் கசியும் காலோடு 80 அடித்தார், ஒரு ரன்னில் தோற்றார்கள். சரி. 2020இல் அதே அணி துபாய் வெயிலில் தள்ளாடி ஏழாவதாக வந்தது. தடைக் காலம் போக, ஆடிய சீசன்களில் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 2021லும் 2023லும் ஜெயித்தது, 2025இல் பதினான்கு ஆட்டத்தில் நான்கை மட்டும் வென்று பத்தாவது, கடைசி. முதல் வகைத் தேய்மானம் பொய் இல்லை. தேய்கிற உடலைத் தேயவில்லை என்று சொல்லிப் போற்றுவது முதலாளிக்குத்தான் வசதி: தேயாதவனுக்கு எதற்கு ஓய்வூதியம்?

இந்த இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து ஒரு கதை. 1969இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைப் பார்த்து இதையேதான் சொன்னார்கள்: கிழடுகள். ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஒருவரே, பில் ரஸ்ஸல், 35. சாம் ஜோன்ஸ், அவரும் 35. தங்கள் பிரிவில் நான்காவதாக வந்து உள்ளே நுழைந்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸோடு கடைசி, ஏழாவது ஆட்டம். வெற்றி நிச்சயம் என்று லேக்கர்ஸ் முதலாளி அரங்கக் கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே இருந்தன. விளையாட்டு எழுத்தாளர்கள் இந்தப் பலூனோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேண்டியது அதற்கு ஐந்து வருஷம் முந்தியது. 1964 ஜனவரி, பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம், முதன்முறையாகப் பெரிய அளவில் தொலைக்காட்சியில். சங்கத் தலைவர் செல்டிக்ஸின் டாம் ஹைன்சன். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையைப் பூட்டிக்கொண்டு, ஓய்வூதியத்துக்கு வாக்குறுதி கொடுத்தால்தான் களத்துக்கு வருவோம் என்றார்கள். ரஸ்ஸல் உள்ளே இருந்தார். லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டும் எல்ஜின் பேய்லரும் உள்ளே இருந்தார்கள். முதலாளிகள் மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். கடைசி நிமிடத்தில் லீக் தலைவர் ஒப்புக்கொண்டார். கதவு திறந்தது. 1969இல் பலூனுக்குக் கீழே எதிரெதிராக ஆடியவர்களில் பலர் 1964இல் ஒரே பக்கம் நின்றவர்கள். ஆட்டத்தை விட்டு வெளியே போனபோது அவர்களுடைய முதுமைக்கு ஒரு கணக்குத் திறக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் வீரர்களுக்குச் சங்கம் இல்லை. 2019இல் தொடங்கிய சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். ஆடும்போது சேரக் கூடாது, ஆடி முடித்த பிறகு சேர்ந்துகொள். எங்கள் சிப்காட்டிலும் ஏறக்குறைய இதே விதிதான், எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

எழுதி வைத்த விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷம் இந்தியாவுக்கு ஆடாத வீரரை, எத்தனை உலகக் கோப்பை வென்றவராக இருந்தாலும், சர்வதேச ஆட்டமே ஆடாத புதியவராகக் கருதலாம் என்ற பழைய விதியை 2024 செப்டம்பரில் தூசி தட்டி எடுத்தார்கள். தோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 ஜூலை. எனவே 12 கோடி தோனி 4 கோடிக்குப் புதுமுகமாக அணியில் நீடித்தார். 43 வயதுப் புதுமுகம். செய்தி வந்தபோது பத்திரிகைகள் இதைச் சாமர்த்தியம் என்று எழுதின. என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஆறு வருஷம் நின்ற மெஷினுக்கு நாலாவது காண்ட்ராக்டர் மூலம் 2019இல் அவனை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள், ட்ரெய்னி என்று. அடையாள அட்டையில் சேர்ந்த தேதி புதிது. கழுத்துப் பட்டையின் நிறம் புதியவர்களின் நிறம். அவனுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவன், அவன் பயிற்சி கொடுத்த பையன். எட்டு மாதம் இருந்துவிட்டு வந்துவிட்டான். "தோனிக்காவது நாலு கோடி" என்றான்.

2025 டிசம்பர் 16, அபுதாபியில் ஏலம். அதற்கு ஒரு மாதம் முன்பே 36 வயது ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தது சென்னை. ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இருவர், ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19, ஆளுக்கு 14.20 கோடி. தாத்தா அணி என்ற பெயரைச் சென்னை தன் கையாலேயே அழித்தது. ரோடு அகலப்படுத்தியதில் பழைய டீக்கடை போய், எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகையில் நடக்கிறது. நண்பன் இப்போது சின்ன யானை ஓட்டுகிறான், கடனில். 37 வயது. பட்டியலை இந்த முறையும் அவன்தான் வாசித்தான், ஆனால் வயதை வாசிக்கவில்லை, விலையை மட்டும். கூட நின்ற பையன்கள் இருவருக்கும் கழுத்தில் பட்டை. புது டீம் கப்பு அடிக்குமா என்று அவர்கள் அவனைக் கேட்டார்கள், அண்ணன் பழைய ஆள் என்று. ஸ்பின்னைப் பற்றி, சேப்பாக்கம் பிட்ச் முன்ன மாதிரி இல்லை என்பதைப் பற்றி, யாரை மூன்றாவதாக இறக்கலாம் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். நடுவில், "நீங்க எந்த லைன்ல நிக்கிறீங்க? அங்க மூணாம் நம்பர் பிரஸ்ல ஒரு சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றார்கள். எப்படிப்பட்ட சத்தம் என்று வாயாலேயே செய்து காட்டினான்.